பலேர்மோவில் பால்கோப்பி

2005ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு நாள். தொலைபேசி நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை காத்திருந்து, இத்தாலியிலிருக்கும் தங்கச்சியுடன் பேசினோம். அவள் நாட்டை விட்டுப்போய் அப்போது ஆறு வருடம். "அம்மா, இனி எனக்குப் பயமில்லை. நிரந்தரமாய் ஒரு வேலை கிடைச்சிட்டுது. ஒரு பாரிலை" என்றாள்.

அம்மா ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். எங்கள் ஊரில் பார் என்றால் அதற்கு ஒரு பொருள்தானே உண்டு. அப்பாவின் உழைப்பில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம் அது. அந்த இடத்தில் தன் பிள்ளை நின்று ஊற்றிக்கொடுக்கிறாள் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டால் அவள் மனம் நோகும் என்று நாங்கள் கேட்கவில்லை. சொல்லத் தேவையில்லை என்று அவளும் சொல்லவில்லை. அயலில் யாரும் விசாரித்தால், "ஒரு கடையிலை நிக்கிறாள்" என்பதோடு அம்மா கதையை முடித்துவிடுவார். 2016இல் அம்மா கண்ணை மூடும்வரை அந்தச் சொல் எங்கள் வீட்டில் பேசப்படவேயில்லை.

2023ஆம் ஆண்டு ஆனி மாதம், தங்கச்சி அனுப்பிய கடிதங்களையும் ரிக்கற்றையும் வைத்துக்கொண்டு வீசா எடுத்து இத்தாலிக்குப் போனேன். இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு அவளைக் கண்டேன். விமான நிலையத்தில் நாங்கள் அழுததை இங்கு எழுதி உங்களையும் அழவைக்க விரும்பவில்லை. அந்த விமான நிலையத்துக்கு, 1992இல் மாபியாக் கும்பல் குண்டுவைத்துக் கொன்ற இரண்டு நீதிபதிகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லியபடியே ஒரு நகரம் விருந்தாளிகளை வரவேற்பது எனக்குப் புதிதாக இருந்தது.

தங்கச்சி இருப்பது பலேர்மோவில். இத்தாலியின் காலடியில் கிடக்கும் சிசிலித் தீவின் தலைநகரம் அது. 1980களிலிருந்தே எங்கள் ஆட்கள் அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பல்லரோ என்ற பழைய சந்தைக்குப் போனால் மீன்காரனின் கூவலுக்கு நடுவே தமிழும் காதில் விழும். நகரத்தை அண்டியுள்ள பெல்லெகிரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக்கோயில் இருக்கிறது. எங்கள் சைவப் பெண்களும் வேதக்காரப் பெண்களும் ஒன்றாக அந்த மலைக்கு ஏறுகிறார்கள். நேர்த்தி வைப்பதற்கு மதம் தடையில்லை என்பதை அங்கு கண்டேன். ஆனால் நான் எழுத வந்தது கோயிலைப் பற்றி அல்ல, கோப்பியைப் பற்றி.

முதல்நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "எட்டு மணிக்கு மகளோடை வாங்கோ அக்கா" என்றாள். எனக்கு நெஞ்சு பதைத்தது. பாருக்கு நான் எப்படிப் போவது? அதுவும் காலையில்?

போய் வாசலில் நின்றவள் நின்றபடியே நின்றுவிட்டேன். உள்ளே பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள். ஒரு கன்னியாஸ்திரி. வெள்ளை மேற்சட்டை போட்ட மருந்துக்கடைக்காரப் பெண். வேலைக்குப் போகும் மேசன்மார். எல்லோருடைய கையிலும் சிறிய கோப்பை. கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸ் வகைகள். நீளமான மேடைக்குப் பின்னால், ஆவி பறக்கும் ஒரு பெரிய வெள்ளி இயந்திரத்துக்கு முன்னால் என் தங்கச்சி. இத்தாலியில் பார் என்றால் கோப்பிக்கடை! எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைதான், கொஞ்சம் பளபளப்பாக. பின்சுவரில் மதுப்போத்தல்களும் அடுக்கியிருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் அவற்றை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

அங்கு கோப்பி குடிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பல கடைகளில் முதலில் காசாளரிடம் காசைக் கட்டித் துண்டு எடுக்கவேண்டும். துண்டை மேடையில் வைத்து, வேண்டியதைச் சொல்லவேண்டும். நின்றபடியே குடிக்கவேண்டும். மேசையில் இருந்தால் விலை கூடும், சில இடங்களில் இரட்டிப்பாகும். விலைப்பட்டியலில் நிற்பவருக்கு ஒரு விலை, இருப்பவருக்கு ஒரு விலை என்று போட்டிருப்பார்கள். கோப்பிக்கு முன்பு ஒரு சின்னக் கிளாசில் தண்ணீர் வைப்பார்கள். வாயைக் கழுவிச் சுத்தமான நாக்கோடு கோப்பியைச் சுவைக்க அது. நான் பின்னால் குடித்துவிட்டேன். "அப்பிடிக் குடிச்சால் கோப்பி நல்லாயில்லை எண்டு அர்த்தமாக்கும் அக்கா" என்று தங்கச்சியின் மகள் காதுக்குள் சொன்னாள்.

இரண்டாம் நாள் நான் தனியே வெளிக்கிட்டேன். மாசிமோ நாடக அரங்கு என்று 1897இல் திறந்த ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் அருகிலிருந்த ஒரு கடைக்குள் நுழைந்தேன். கனடாவிலிருக்கும் பெறாமகள் 'லத்தே' நல்லாயிருக்கும் என்று எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கெட்டித்தனமாக, "லத்தே" என்றேன். அந்தப் பெடியன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு ஒரு நீளக் கிளாஸ் நிறையப் பச்சைப் பாலைக் குளிரக் குளிரக் கொண்டுவந்து வைத்தான். கோப்பியின் வாடையே இல்லை. பக்கத்தில் நின்ற கிழவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். காசு கட்டிவிட்டேனே, குடித்துத்தானே ஆகவேண்டும்? ஐம்பத்திரண்டு வயதில் நடுவீதியில் பச்சைப்பால் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் தங்கச்சியின் கடையில் ஆட்கள் ஓய்ந்த நேரம் இதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பால்தானே கேட்டனீங்கள், பால்தானே தருவினம்! லத்தே எண்டால் இத்தாலி மொழியிலை பால்" என்றாள். பிறகு மேடையில் கோப்பைகளை வரிசையாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள். நானும் எங்கள் சங்கத்துச் சிற்றுண்டிக் கடையில் பத்து வருடமாகத் தேத்தண்ணி ஊற்றுபவள். தொழிற்காரி கண்ணோடுதான் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் தாய் எஸ்பிரெசோ. அதை அங்கு யாரும் எஸ்பிரெசோ என்று கேட்பதில்லை. 'கஃபே' என்று மட்டும் சொன்னால் அதுதான் வரும். அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். 25 மில்லிலீற்றர். இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் அந்த ஒரு வாய்க்குப் பின்னால் இருக்கும் கணக்குப் பெரிது. ஏழு கிராம் கோப்பித்தூளைப் பிடிவைத்த ஒரு உலோக வடிக்குள் போட்டு, அழுத்தித் தட்டையாக்கி, இயந்திரத்தில் பூட்டுகிறாள். ஏறக்குறைய 90 பாகை வெந்நீர் ஒன்பது மடங்கு காற்றமுக்கத்தோடு அந்தத் தூளுக்குள்ளால் தள்ளப்படுகிறது. 25 செக்கனில் எலிவால் போல மெல்லியதாக இறங்கி முடியவேண்டும். விரைவாக இறங்கினால் தண்ணீராயிருக்கும், பிந்தினால் கசக்கும். மேலே மண்ணிறத்தில் ஒரு மெல்லிய நுரை படியும். அதற்குக் கிரேமா என்று பெயர். சீனியைப் போட்டால் ஒருகணம் அந்த நுரையில் தங்கி நின்று பிறகுதான் தாழவேண்டும், அதுதான் நல்ல கோப்பி என்கிறார்கள். மழை ஈரம் பிடித்த நாளில் தூள் வேறுமாதிரி நடக்கும். அதைப் பார்த்து அரைக்கும் பதத்தை மாற்றவேண்டும். "இது படிச்சு வாறதில்லை அக்கா, காதாலை கேட்டு வாறது" என்றாள். அது எனக்கு விளங்கியது. கேத்தில் கொதிக்கும் சத்தத்திலேயே தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று நான் சொல்வேன்.

இந்த இயந்திரத்தின் கதையும் நீளமானது. 1884இல் தூரின் நகரத்து மொரியொந்தோ என்பவர் ஆவியால் கோப்பி வடிக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1901இல் மிலான் நகரத்து பெத்ஸேரா, ஒவ்வொரு கோப்பையாக உடனுக்குடன் வடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அந்தக் காலக் கோப்பி ஆவியில் வெந்து கருகிய சுவையாம், கிரேமாவும் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1948இல் கஜ்ஜா என்பவரின் இயந்திரம் வந்தது. ஒரு நெம்புகோலை இழுத்து, வில்லின் விசையால் தண்ணீரைத் தள்ளியது அது. அதற்குப் பிறகுதான் இந்த நுரை. பழமையானது என்று அவர்கள் பெருமைப்படும் கோப்பியின் வயது எங்கள் நாட்டுச் சுதந்திரத்தின் வயதுதான்!

அதே ஏழு கிராம் தூளுக்குத் தண்ணீரைக் குறைத்து வடித்தால் ரிஸ்திரெத்தோ. தண்ணீரைக் கூட ஓடவிட்டால் லுங்கோ. வடித்த கோப்பிக்குள் வெந்நீரை ஊற்றிப் பெருக்கினால் அமெரிக்கானோ. 1943இல் சிசிலியில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எஸ்பிரெசோ கடுமையாயிருந்ததால் தண்ணீர் விட்டுக் குடித்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள்.

இனிப் பால் சேர்ந்தவை. இங்குதான் நான் தடுமாறியது. மக்கியாத்தோ என்றால் 'கறைபட்டது'. கோப்பியில் ஒரு கரண்டி பால் நுரையை விட்டால், பாலால் கறைபட்ட கோப்பி. அது கஃபே மக்கியாத்தோ. சின்னக் கோப்பையில் வரும். கிளாஸ் நிறையச் சூடான பாலை எடுத்து அதன்மேல் ஒரு எஸ்பிரெசோவை மெல்ல ஊற்றினால், கோப்பியால் கறைபட்ட பால். அது லத்தே மக்கியாத்தோ. கீழே வெள்ளை, நடுவில் மண்ணிறம், மேலே நுரை என்று மூன்று அடுக்காக நிற்கும். "ஆரிலை ஆர் கறை எண்டு பாருங்கோ அக்கா, பிறகு பிழைக்காது" என்றாள். இதைவிடச் சுலபமாக ஒரு வாத்தியாரும் சொல்லமாட்டார்.

நடுவில் நிற்பது கப்புச்சினோ. ஒரு எஸ்பிரெசோவுக்கு 100 மில்லிலீற்றர் பால். ஆவி அடித்து நுரைக்கும்போது அந்தப் பால் ஏறக்குறைய 125 ஆகப் பொங்கும். கோப்பையை நிறைத்து விளிம்பில் ஒரு மண்ணிற வளையம் தெரியவேண்டும். கப்புச்சின் சபைத் துறவிகளின் அங்கி நிறத்தைப் பார்த்து வந்த பெயர் இது. கஃபெல்லத்தே என்பது நுரையில்லாமல் கோப்பியும் சூடான பாலும் கலந்தது. அது கடையைவிட வீட்டுக்குச் சொந்தமானது. காலையில் பெரிய கோப்பையில் ஊற்றி, பிள்ளைகள் விசுக்கோத்தைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். எங்கள் பால்கோப்பிக்கு மிகக் கிட்டிய சொந்தக்காரி அதுதான். வெளிநாடுகளில் 'லத்தே' என்று விற்பதும் இதன் பெயரைப் பாதியில் வெட்டியதுதான். வெட்டியவர்கள் கோப்பியை வெட்டிவிட்டுப் பாலை மட்டும் விட்டிருக்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

ஊருக்கு ஊர் பெயரும் மாறும். வடக்கே திரியெஸ்தே துறைமுகத்தில் எஸ்பிரெசோவுக்கு 'நேரோ' என்று பெயர், கருப்பு என்று பொருள். 'காப்போ' என்று கேட்டால் மக்கியாத்தோ வரும். இத்தாலிக்காரரே அங்கு போய்த் தடுமாறுவார்களாம். எனக்கு ஆறுதலாயிருந்தது.

பாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் கைப்பழக்கம் வேறு. நாங்கள் பாலைக் காய்ச்சிப் பொங்கவைத்து, பேணிக்குப் பேணி உயரத் தூக்கி ஆற்றுவோம். அந்த ஆற்றலில் வருவதுதான் எங்கள் நுரை. அங்கு பாலைக் கொதிக்கவிடவே கூடாது. குளிர்ந்த பாலை ஒரு சிறு குடுவையில் எடுத்து, ஆவிக்குழாயின் நுனியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடிக்கிறாள். சீலை கிழிவதுபோல ஒரு மெல்லிய சத்தம். அப்போது காற்று உள்ளே போகிறது. பிறகு குழாயை ஆழ இறக்கிப் பாலைச் சுழலவிடுகிறாள். 60 பாகையைத் தாண்டியதும் நிறுத்திவிடுவாள். அந்தச் சூட்டில் பால் தானாகவே இனிக்கும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய மணம் வந்துவிடும், நுரையும் பிரிந்துபோகும். பாலிலுள்ள புரதம்தான் காற்றுக்குமிழைப் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பமானியைத் தங்கச்சி பார்ப்பதில்லை. குடுவையில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். கை பொறுக்காத கணத்தில் ஆவியை நிறுத்துகிறாள்.

அப்போதுதான் அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு நீளமான தழும்பைக் கண்டேன். "என்னடி இது?" என்றேன்.

"அது 2009" என்றாள்.

முதல் நான்கு வருடமும் அந்தக் கடையில் கோப்பையும் நிலமும் கழுவினாளாம். பின்னேரங்களில் மாடிவீடுகளின் படிக்கட்டுகளைத் துடைத்தாளாம். 2009இல் இயந்திரத்தில் நின்றவர் விலகியபோது முதலாளியம்மா இவளைக் கூப்பிட்டு, "பழகு" என்று சொல்லியிருக்கிறார். அது வைகாசி மாதம். எங்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத மாதம். "காலமை ஆறு மணிக்கு ஆக்கள் வந்து நிப்பினம். எனக்குக் காதிலை ஒண்டும் விழாது. மக்கியாத்தோ கேட்டவைக்குக் கப்புச்சினோ குடுத்தன். ஒருத்தர் எல்லாருக்கும் முன்னாலை ஏசிப்போட்டுப் போனார். அண்டைக்குத்தான் ஆவிக்குழாயிலை கையை வைச்சது. சுட்டதே தெரியேல்லை அக்கா. மணம் வந்த பிறகுதான் பாத்தனான்" என்றாள்.

ஆனி மாதம் செட்டிகுளம் முகாமிலிருந்து நாங்கள் உயிரோடிருப்பதாகத் தகவல் அனுப்பினோம். அவள் பணம் அனுப்பினாள். சிறிய தொகை. "வெளிநாட்டிலை இருக்கிறவளுக்கு இவ்வளவுதான் முடிஞ்சுதோ" என்று நான் அம்மாவிடம் சொன்னது அந்த மேடைக்கு முன்னால் நிற்கையில் எனக்கு நினைவுக்கு வந்தது. கூடாரத்துக்குள் இருந்து அதைச் சொன்னேன் என்பது சாட்டுத்தான். ஒரு எஸ்பிரெசோ ஒரு யூரோவும் சில சதமும் விற்கிறது. அதிலிருந்து ஒரு கழுவுகாரிக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தேத்தண்ணி விற்கும் எனக்குக் கணக்குத் தெரியாதா?

அந்தக் கடையில் எனக்குப் பிடித்த இன்னொன்று 'ஓர்ஸோ'. அதில் கோப்பியே இல்லை. வறுத்த வாற்கோதுமையை அரைத்து, கோப்பி போலவே வடித்துத் தருகிறார்கள். முசோலினி காலத்திலும் போர்க்காலத்திலும் இறக்குமதி நின்று கோப்பிக்கொட்டை கிடைக்காதபோது, இத்தாலிப் பெண்கள் வாற்கோதுமையையும் சிக்கரி வேரையும் வறுத்துச் சமாளித்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தக் குடிப்பு மறையவில்லை. இன்று வயதானவர்களும் நித்திரை வராது என்று கோப்பியை விட்டவர்களும் விரும்பிக் குடிக்கிறார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் நாங்கள் மல்லியையும் சுக்கையும் வறுத்து இடித்து, சீனிக்குப் பதில் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தது நினைவிருக்கிறதா சகோதரிகளே? நான் ஓர்ஸோவை வாயில் வைத்ததும் அதன் வறுவல் மணம் என்னை நேரே எங்கள் பழைய குசினிக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் மல்லிக்கோப்பியையும் இப்படி மரியாதையாகக் கோப்பையில் வைத்து விலைக்கு விற்கலாமே என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கோப்பிக்கொட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலி உலகத்துக்குக் கோப்பி குடிக்கக் கற்றுக்கொடுத்தாலும், கொட்டை ஏறக்குறைய முழுவதும் பிரேசில், வியட்நாம், இந்தியா, உகண்டா என்று வெளியிலிருந்துதான் வருகிறது. எங்கள் மலைநாடும் ஒருகாலத்தில் கோப்பி நாடுதான். தேயிலைக்கு முன்பே, தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் தமிழ்ச் சனங்கள் மன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, கண்டி மலைகளில் கோப்பி ஆய்ந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. காலப்போக்கில் தோட்டங்கள் அழிந்தன. பிறகுதான் தேயிலை எங்கும் பரவியது. இல்லையென்றால் நானும் தேத்தண்ணிக்காரியாக அல்ல, கோப்பிக்காரியாக இருந்திருப்பேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டால் இத்தாலிக்காரர் உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு பால் செமிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. பால் சேர்ந்தவை காலைக்கு, சாப்பாட்டுக்குப் பின் கறுப்புக் கோப்பி மட்டும். உல்லாசப் பயணிகள் கேட்டால் சிரித்துக்கொண்டு கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் சில ஆண்கள் கேட்பது 'கொரெத்தோ'. திருத்தப்பட்ட கோப்பி என்று பொருள். திருத்துவது எதனால் என்றால், கிராப்பா என்ற சாராயத்தின் சில துளிகளால். பின்சுவர்ப் போத்தலை எடுத்து என் தங்கச்சிதான் அதையும் ஊற்றினாள். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

நாப்போலி நகரத்தில் ஒரு பழைய வழக்கம் இருப்பதாகவும் அவள் சொன்னாள். ஒரு கோப்பி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கட்டிப் போவார்கள். மற்றது 'தொங்கவிட்ட கோப்பி'. பிறகு கையில் காசில்லாத ஒருவர் வந்து, "தொங்கவிட்டது இருக்கோ?" என்று கேட்டுக் குடிக்கலாம். கொடுத்தவர் முகம் குடித்தவருக்குத் தெரியாது. குடித்தவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது. வரிசையில் நிற்கவேண்டாம், பெயர் பதியவேண்டாம், புகைப்படத்துக்கு நிற்கவேண்டாம். நிவாரணத்துக்குப் பல வருடம் வரிசையில் நின்ற எனக்கு அந்தக் கடைசி மூன்றும் பெரிதாகப் பட்டன.

கடைசி ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு ஓய்வு. "வா, இண்டைக்கு நான் உனக்கு வாங்கித்தாறன்" என்று கூட்டிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனேன். வெளியே மேசை போட்டிருந்தது. அவள் வழக்கப்படி மேடைக்குப் போகப் பார்த்தாள். நான் கதிரையை இழுத்து இருத்தினேன். "விலை கூட அக்கா!" என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு பாரில் இருந்து கோப்பி குடித்தது எத்தனை தரம் என்று கேட்டேன். மகளின் முதல் நன்மை நாளில் ஒருதரம் என்று யோசித்துச் சொன்னாள்.

கோப்பிக் கிரானீத்தா எடுத்தோம். இனித்த கோப்பியை உறையவைத்துக் கிளறிச் சுரண்டிய பனிக்கூழ் அது. மேலே அடித்த கிறீம். தொட்டுச் சாப்பிட, உச்சியில் குடுமி வைத்த ஒரு பணிஸ். சிசிலியில் வெயில் காலத்துக் காலைச் சாப்பாடே இதுதான். அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனதையும், பதினொரு வருடம் 'கடை' என்று சொன்னதையும்.

தங்கச்சி கரண்டியை வைத்துவிட்டாள். கனநேரம் பேசவில்லை. "அப்ப அம்மா நான் சாராயம் வாக்கிறன் எண்டோ நினைச்சவ?" என்றாள்.

"நானும்தான்" என்றேன்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அக்கா."

"கேட்டிருக்கலாம்."

கிரானீத்தா கரைந்து தண்ணீராகிவிட்டது. அதை அவள் பணிஸால் துடைத்துச் சாப்பிட்டாள். வீணாக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

வரும்போது ஒரு மொக்கா பொட் தந்துவிட்டாள். 1933இல் பியலெத்தி என்பவரின் பட்டறையிலிருந்து வந்த எட்டுமூலை அலுமினியக் குடுவை. கீழறையில் தண்ணீர், நடு வடியில் தூள், அடுப்பில் வைத்தால் ஆவியின் அமுக்கத்தால் கோப்பி மேலறைக்கு ஏறிவரும். கடை இயந்திரத்தின் அமுக்கம் இதில் வராது, கிரேமாவும் வராது. ஆனால் சூடான பாலோடு கலந்தால் நல்ல கஃபெல்லத்தே. தூளை இதில் அமுக்கக்கூடாது, தீயைக் கூட்டக்கூடாது, கொறகொற என்று சத்தம் வந்ததும் இறக்கிவிடவேண்டும். மாப்பாலிலும் செய்து பார்த்தேன், பரவாயில்லை. பசுப்பால்தான் சரி.

எங்கள் கடையில் அதை அடுப்பில் வைத்த முதல்நாள் சங்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். "உங்கடை தங்கச்சி அங்கை என்ன வேலை அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாரிலை" என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பேணிகளை வரிசையாக வைத்து, ஆரில் ஆர் கறை என்பதிலிருந்து தொடங்கினேன். முடித்துவிட்டுத் திரும்பினால் மற்ற அடுப்பில் வைத்த கேத்தில் தண்ணீர் முழுவதும் வற்றிப்போயிருந்தது.